ஒரே நம்பரில் பத்தொன்பது பேர்

சந்திரம்மா அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது, ஹெல்த் சென்டரில் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு மேலே ஷ்ரேயாஸ், மருந்து கொடுக்கும் கோதண்டராமனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நர்ஸம்மாக்கள் கொண்டுவரும் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஷ்ரேயாஸின் வேலை. வீட்டில் கன்னடம்தான், ஆனால் தமிழர் நிறைந்த பெங்களூர் ஆஸ்டின் டவுன் பக்கம் நாலு வருஷம் வேலை பார்த்தவனுக்குத் தமிழ் வராமல் எங்கே போகும்?

"இன்னிக்கு ட்ரெய்னிங்ல ஃபுல் காமெடி சார். சந்தாபுரா பக்கம் யசோதரான்னு ஒரு சிஸ்டர். அவங்க ஒரே போன் நம்பர்ல நாப்பத்திமூணு கர்ப்பிணி! கம்ப்யூட்டர் என்ன நெனச்சுக்கும்? ஒரே பொம்பளைக்கு நாப்பத்திமூணு பிள்ளைன்னு நெனச்சுக்கும். 'யாரும் யசோதரா மாதிரி செய்யாதீங்க'ன்னு பெரிய ஸ்கிரீன்ல பேரைப் போட்டே காட்டினாங்க."

மேசைக்கு அடியிலிருந்து சந்திரம்மா குரல் கொடுத்தாள். "நாப்பத்திமூணா? ஐயோ பாவம், இடுப்பு இன்னாவறது!"

பதினைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, குட்டையாக ஒரு பெண் தோளில் பெரிய பையோடு படியேறி வந்தாள். "ட்ரான்ஸ்ஃபர்ல வந்துகீறேன். யசோதரா" என்றாள். ஷ்ரேயாஸ் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். சந்திரம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்தவளின் இடுப்பைத்தான் முதலில் பார்த்தாள்.

ஆளைப் பார்த்த மறுநிமிஷம் ஊரைக் கேட்பது சந்திரம்மாவின் வழக்கம். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பாள், தெருவைச் சொன்னால் உறவைக் கண்டுபிடித்துவிடுவாள். யசோதரா கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு மாரிகுப்பம் ரயிலேறித் தினமும் பெங்களூருக்கு வந்து வாட்ச்மேன் வேலை பார்த்தவர். சந்திரம்மாவின் மூத்த நாத்தனாரைக் கட்டிக் கொடுத்த வீடும் யசோதராவின் பெரியம்மா வீடும் சுரங்கக் குடியிருப்பில் ஒரே லைனில் எதிரெதிர். அந்தப் பெரியம்மாவின் இரண்டாவது மகன் கல்யாணத்தில் பாயசம் பாதிப் பந்தியில் தீர்ந்துபோய் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துகொண்டார்களே, அந்தப் பந்தியில் சந்திரம்மாவும் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு நீலப் பாவாடை கட்டிக்கினு, மூலையில நின்னு அழுதுக்கினு இருந்த பொண்ணு யாரு?"

"நான்தான்க்கா. பாயசம் கெடைக்கலன்னு."

அன்றைக்கே இருவரும் சொந்தமாகிவிட்டார்கள். இவள் அவளுக்குச் சந்திரக்கா. அவள் இவளுக்குச் சிஸ்டரம்மா. வயதில் இருபது சின்னவளானாலும் வெள்ளைக் கோட்டுக்கு ஒரு மரியாதை உண்டல்லவா.

யசோதராவுக்கு நாற்பத்தாறு வயது. நடக்கிறாளா ஓடுகிறாளா என்று சொல்ல முடியாத நடை. பையில் பிரஷர் பார்க்கும் கருவி, இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள், ஒரு டப்பா கடலை மிட்டாய். மாத்திரை குமட்டுகிறது என்கிற பெண்களுக்கு மாத்திரையை விழுங்க வைத்து, கையில் ஒரு மிட்டாய் கொடுப்பாள். எல்லாவற்றுக்கும் நடுவில், பழைய சுங்குடிப் புடவையில் தைத்த உறைக்குள் சர்க்கார் கொடுத்த டேப்லெட். அதன் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விரிசல். வீடு வீடாகப் போய்ப் பிரஷர், எடை, மாதம், தடுப்பூசி எல்லாவற்றையும் அதில் பதிந்துவிடுவாள். பிறகு அது இன்டர்நெட் வழியாக மேலிடத்துக் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். அங்கேதான் பேஜார். சென்டருக்குள் சிக்னல் நிற்காது. படிக்கட்டின் இரண்டாவது படியில் நின்றால் மட்டும் கிடைக்கும். அதுவும் கொஞ்சம் உயரமாகப் பிடிக்க வேண்டும். யசோதராவோ குட்டை. அதனால் டேப்லெட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குடம் சுமப்பவள் மாதிரி அசையாமல் நின்று, "ஏறு கண்ணு, ஏறு... இன்னும் நாலு வீடுதான், ஏறுடா ராஜா" என்று பேசிக்கொண்டிருப்பாள். அந்த வழியாகப் போகிற காய்கறி வண்டிக்காரர் முதல் வாரம் முழுவதும் இதைத் தினப்படிப் பிரார்த்தனை என்றே நினைத்திருந்தார்.

அந்த நாற்பத்திமூன்றின் கதையை அவளிடமே கேட்டாள் சந்திரம்மா. அது கொரோனா இரண்டாவது அலையில் நடந்தது. ஒரு கர்ப்பிணியின் பெயரைப் பதிய வேண்டுமென்றால் போன் நம்பர் வேண்டும். அந்த நம்பருக்கு ஓடிபி என்று ஆறு எண்கள் வரும். இரண்டு நிமிஷத்துக்குள் அதைச் சொல்லாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். வீட்டுக்கு ஒரே போன். அதுவும் புருஷனோடு கம்பெனிக்குப் போய்விடும். கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

"புருஷன் மெஷின்ல நிக்கறான், போன் கேட்ல நிக்குது, ஓடிபி ஆகாசத்துல நிக்குது. நான் எங்கக்கா நிக்கறது? என் நம்பரைப் போட்டேன். பதிஞ்சுச்சு. மாத்திரை வந்துச்சு, ஊசி வந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தியா போட்டுக்கினே போனேன்."

"வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம? 'என்னை ஒரு வார்த்தை கேக்காம நாப்பத்திமூணா'ன்னு ரெண்டு நாள் ஆட்டோ ஸ்டாண்டுக்கே போவல."

அவள் புருஷன் நாகேஷ் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுடைய நம்பரிலும் ஏழு பேர் இருந்தார்கள் என்பதை அப்போது அவள் சொல்லவில்லை.

புது இடத்துக்கு வந்தபோது டாக்டர் ரகுராம் அவளை உட்கார வைத்துத் தன்மையாகச் சொன்னார். நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். "சிஸ்டர், இங்கே அது வேண்டாம். ஒருத்தருக்கு ஒரு நம்பர்." யசோதரா தலையாட்டினாள். மனசாரத்தான் ஆட்டினாள். ஆனால் இந்தப் பக்கத்துச் சந்துகளிலும் காலை எட்டு மணிக்கு மேல் போன் இருக்கிற வீடு குறைச்சல். இரண்டு வருஷத்தில் மறுபடியும் பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் பத்தொன்பது பேருக்கு வரவேண்டிய செய்தியெல்லாம் யசோதராவின் போனுக்கு வரும். அவள் மகள் காலேஜில் படிக்கிறாள், இவளுக்கோ, "அன்புள்ள தாயே, இன்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று வரும். பஸ்ஸில் நின்றபடி படித்துவிட்டு, "ஆயித்து, ஆயித்து" என்று கன்னடத்தில் போனுக்கே பதில் சொல்வாள். பக்கத்துச் சீட்டு அம்மாள்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் சும்மா விடமாட்டாள். எந்தப் பெண்ணுக்கு வந்த செய்தியோ அந்தப் பெண்ணின் வாசலில் அன்று சாயங்காலத்துக்குள் போய் நின்று, "கம்ப்யூட்டர் கேக்குது, மாத்திரை முழுங்கினியா? வாயைத் தொற பாப்போம்" என்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதனாலும் டாக்டரிடம் திட்டு. முகவரிக்குக் கீழே 'லேண்ட்மார்க்' என்று ஒரு கட்டம் வரும். பக்கத்தில் என்ன கோவில், என்ன பள்ளிக்கூடம் என்று எழுதுவதற்கு. யசோதரா எந்தப் பெண்ணைப் பதிந்தாலும் கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள். அது டேப்லெட்டில் இல்லாத கேள்வி. "ஒடம்பு முடியலன்னா எங்க போய்ப் படுப்ப?" அந்தப் பெண் என்ன சொல்கிறாளோ அதை அந்தக் கட்டத்தில் அப்படியே எழுதிவிடுவாள்.

ஒருநாள் டாக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். "'மாமியாரோடு பேச்சில்லை. காய்ச்சல் வந்தால் ஈஜிபுரா அக்கா வீடு. நாய் இருக்கிறது, கடிக்காது.' என்ன சிஸ்டர் இது? லேண்ட்மார்க்னா ஒரு கோவில் பேர் எழுதுங்க. நீங்க குடும்பக் கதை எழுதி வெச்சிருக்கீங்க."

"கோவில் நகராது டாக்டர். புள்ளத்தாச்சி நகருவா."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சந்திரம்மாவிடமும் ஒரு போன் உண்டு. மகன் யுவன் வாங்கிக் கொடுத்த பட்டன் போன். அதைச் சுருக்குப் பையில் போட்டு, பையை இடுப்பில் செருகி, மேலே முந்தானையைச் சுற்றியிருப்பாள். அவளுக்கு எழுத்து சரியாக வராது, எண் வரும். பஸ் நம்பர் பார்த்துப் பார்த்தே பழகிய எண். எதிர் வீட்டுக்காரி ஏதோ அழைப்புக்குப் பதில் சொல்லி ஏமாந்த நாளிலிருந்து, தன் நம்பரை மகனைத் தவிர யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். சென்டர் ஆட்களின் நம்பர் பட்டியலில் சேர்க்க யசோதரா ஒருமுறை கேட்டபோதுகூட மறுத்துவிட்டாள்.

"நம்பர்ன்றது பல்செட்டு மாதிரி சிஸ்டரம்மா. அடுத்தவங்களுக்குக் குடுக்கற சாமானில்ல."

"அப்போ என் பல்செட்டை பத்தொம்போது பேரு போட்டுக்கினு இருக்காங்களாக்கா?" என்று யசோதரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஜூலை மாதம் வந்தது. ஒரு நாள் மழை, இரண்டு நாள் வெயில். டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீர், தேங்காய் ஓடு, பழைய டயர் எல்லாவற்றிலும் கொசு. டெங்கு வந்து சந்து சந்தாக இறங்கியது. நாளைக்கு முப்பது பேர் வந்துகொண்டிருந்த சென்டருக்கு நூற்று நாற்பது பேர் வந்தார்கள். பெஞ்சு போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். இரண்டாவது படியை மட்டும் சந்திரம்மா ஒருவருக்கும் விடவில்லை. "அது சிஸ்டரம்மா நிக்கற எடம். எந்திரி, எந்திரி."

அந்த நாட்களில் யசோதராவைப் பார்க்க வேண்டுமே. எந்த வீட்டில் காய்ச்சல் என்று பதிந்தால் டேப்லெட்டில் தெருப் படத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தைச் சந்திரம்மாவிடம் நீட்டினாள். "பாருக்கா, மாலை கோத்த மாதிரி ஒரே தெருவுல வுழுது. நடுவுல ஒரு வீட்டுல மட்டும் புள்ளி இல்ல. இன்னா இருக்குது அங்க?"

"அது வீடில்ல. அப்பாதுரைன்னு ஒருத்தரு எடம். பழச இடிச்சுட்டு மாடி கட்டறாங்க."

யசோதரா அப்போதே எழுந்து போனாள். லிஃப்ட்டுக்குத் தோண்டிய பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். ஒரு டம்ளர் மொண்டால் பாதி புழு. சாயங்காலத்துக்குள் அதை இறைத்து மருந்து ஊற்ற வைத்தாள். ஒரு வாரத்தில் அந்தத் தெருவில் புதுப் புள்ளி விழுவது நின்றது. ஷ்ரேயாஸ் கைகுலுக்க வந்தான். "கொசு கடிச்ச கைப்பா" என்று அவன் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

பிறகு அந்த வியாழக்கிழமை. காலையில் ஏழு மாதக் கர்ப்பிணி ஷில்பாவுக்குக் காய்ச்சல் அதிகமாகி, யசோதராவே கொண்டுபோய்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தாள். டெங்கு நெருக்கடியில் கர்ப்பிணிகளுக்கென்று ஒதுக்கிய படுக்கைகளைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷில்பாவும் அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி. ஆறாம் நம்பர் படுக்கை கிடைத்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு யசோதரா தயிர்சாதத்தில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது போன் கீச்சென்றது. இடது கையால் எடுத்துப் பார்த்தாள். வாயருகே போன கை அப்படியே நின்றது. கிருத்திகாவின் ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

கிருத்திகா இருபத்தொரு வயசுப் பெண். ஆம்பூர் பக்கத்திலிருந்து புருஷன் சரவணனோடு வந்தவள். அவன் சந்தாபுராவுக்கு அப்பால் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். இவளுக்கு எட்டாம் மாதம். முந்தின நாள் காய்ச்சல் முகாமில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் கணக்கு அது. எட்டு மாதக்காரிக்கு அது இந்த அளவுக்கு இறங்கினால், திடீரென்று வலி கண்டுவிட்டால், ரத்தம் நிற்காது. சந்திரம்மாவுக்கே அது தெரியும்.

கூப்பிடலாம் என்றால், கிருத்திகாவுக்கென்று பதிந்திருந்த நம்பர் யசோதராவுடையதே. சரவணனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டில் கிடக்கிற போனை யார் எடுப்பார்கள்? இரண்டு தெரு தள்ளி வீட்டுக்கு ஓடிப் பார்த்தாள். பூட்டு. மூச்சிரைக்கத் திரும்பி வந்து டேப்லெட்டைத் திறந்தாள். லேண்ட்மார்க் கட்டத்தில் அவள் எழுத்தே அவளுக்கு வழி சொன்னது: 'முடியலன்னா விவேக் நகர் சித்தி. சர்ச் பின்பக்கம் மெழுகுவத்தி விற்கும் ஜெயலட்சுமி. மாடிப்படிக்கு அடியில் கதவு.'

"ஜெயலட்சுமியா?" என்றாள் சந்திரம்மா. "மேஸ்திரி மருமவ. அவ மாமியாரும் நானும் ஒரே கொழாயில தண்ணி புடிச்சவங்க. எனக்குத் தெரியும் வீடு, நானும் வரேன்." டாக்டர் கையசைத்து அனுப்பினார். நாகேஷ் ஆட்டோவைக் கொண்டுவந்தான்.

வியாழக்கிழமை என்றால் விவேக் நகரில் சர்ச்சுக்கு வருகிற கூட்டத்தில் ஆட்டோ நகராது. கடைசித் தெருவை மூன்று பேரும் நடந்தே கடந்தார்கள். மாடிப்படிக்கு அடியில் கதவு திறந்துதான் இருந்தது. பாயில் கிருத்திகா சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் சித்தி ஜெயலட்சுமி, பச்சையாக ஏதோ நிறைந்த டம்ளரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வா சந்திரக்கா. பப்பாளி எலச் சாறு. டெங்குக்கு நல்லதுன்றாங்க. மாசமா கீறவளுக்குப் பப்பாளி ஆவாதுன்றாங்க. ஒரு மணி நேரமா இதைக் கையில வெச்சுக்கினு யோசிக்கிறேன்."

"நல்லவேளை யோசிச்ச" என்று யசோதரா டம்ளரை வாங்கி வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். கிருத்திகாவின் கண் இமையை இறக்கிப் பார்த்தாள். ஈறைப் பார்த்தாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது.

"அவரு வந்துரட்டும் சிஸ்டர். சொல்லாம போனா கோச்சுக்குவாரு."

"உன் வீட்டுக்காரரு கோவத்த நான் பாத்துக்கறேன். கம்ப்யூட்டர் கணக்குல நீ எனக்குப் பத்தொம்போதாவது. கடைசின்னா செல்லம்தான், அதுக்காவ சொல்பேச்சு கேக்காம இருப்பியா? எந்திரி கண்ணு."

கிருத்திகா சிரிக்கப் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் வீணா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். காலையில் ஷில்பாவைப் பதிந்தவளும் அவள்தான். பெயரை அடித்தாள், நம்பரை அடித்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள், யசோதராவைப் பார்த்தாள்.

"சிஸ்டர், இந்த நம்பர் ஆல்ரெடி அட்மிட் ஆயிருக்கு. பெட் நம்பர் ஆறு."

"அது ஷில்பாம்மா. இது கிருத்திகா."

"எனக்குத் தெரியுது. இதுக்குத் தெரியல. ஒரே நம்பர்னா ஒரே ஆளுன்னு எடுத்துக்குது. பெட் கொடுக்க மாட்டேங்குது." வீணாவின் குரலிலும் பதற்றம். "கையால எழுதிக் குடுத்தா வார்டுல ஒத்துக்க மாட்டாங்க. பெட் நம்பர் இல்லாம ரத்த பேங்குக்கும் போக முடியாது. காட்டறது கடைசி ஒரு பெட். வேற ஆஸ்பத்திரிலேருந்து யாராவது புக் பண்ணிட்டா அதுவும் போச்சு. வேற நம்பர் குடுங்க, சீக்கிரம்."

யசோதராவின் முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சந்திரம்மா அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. நாகேஷ் தன் நம்பரைச் சொன்னான். வீணா அடித்துப் பார்த்தாள். "இதுல ஏழு பேர் இருக்காங்களே அண்ணா. இவங்க அந்த ஏழு பேர்ல யாருன்னு கேக்குது. இதுவும் எடுக்காது." நாகேஷ் மெதுவாகப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "எனக்கும் ஏழா?" என்றான். ஜெயலட்சுமியின் போனில் ரீசார்ஜ் முடிந்து, அழைப்பும் வராது, செய்தியும் வராது. பெஞ்சில் கிருத்திகா சித்தியின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

சந்திரம்மா முந்தானையை விலக்கினாள். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவினாள். முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். போனைத் திருப்பினாள். முதுகில் யுவன் ஒட்டியிருந்த சீட்டில் நம்பர் இருந்தது. அதைக் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தாள்.

"எழுதிக்கோ."

"அக்கா..." என்றாள் யசோதரா.

"சும்னே இரு."

வீணா அடித்தாள். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பட்டன் போன் கையில் துடித்தது. சந்திரம்மா கண்ணுக்கு எட்டப் பிடித்து, பஸ் நம்பர் படிக்கிற பழக்கத்தில் மூன்று மூன்றாகப் படித்தாள். "நானூத்திப் பதினெட்டு... தொள்ளாயிரத்தி ரெண்டு."

"வந்துடுச்சு" என்றாள் வீணா. "பெட் பதினாலு. ஓடுங்க."

தள்ளு நாற்காலியை யசோதராவே தள்ளிக்கொண்டு ஓடினாள். அரை மணி நேரம் கழித்துக் கிருத்திகாவின் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ரத்த வங்கிக்குச் சீட்டு போயாகிவிட்டது. அப்புறம்தான் யசோதரா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். "நான் நல்லது செய்றதா நெனச்சுக்கினு இருந்தேன்க்கா. என் நம்பரே அவளுக்குக் குறுக்க நின்னுடுச்சே." சந்திரம்மா அவள் பையிலிருந்த டப்பாவை எடுத்து, ஒரு கடலை மிட்டாயை அவள் வாயில் வைத்தாள். நாகேஷ்தான் பேசினான். "அது கெடக்கட்டும். எனக்குப் பொறந்த அந்த ஏழு பேரு எங்க கீறாங்கன்னு மட்டும் சொல்லிடு, தீவாளிக்குத் துணி எடுக்கணும்." மிட்டாயும் வாயுமாகச் சிரித்ததில் யசோதராவுக்குப் புரையேறிவிட்டது.

கிருத்திகாவுக்கு நாலாம் நாள் கணக்கு ஏறத் தொடங்கியது. சரவணன் கோபித்துக்கொள்ளவில்லை, வார்டு வாசலில் நின்று அழுதான்.

அடுத்த திங்கட்கிழமை யசோதரா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். பத்தொன்பது பேர் வாசலுக்கும் போனாள். இந்த முறை 'உங்க வீட்டு நம்பர் என்ன' என்று கேட்கவில்லை. "பகல்ல உன் பக்கத்துல யார் கையில போன் இருக்கும்?" என்று கேட்டாள். ஒருத்தி வீட்டுக்காரம்மா நம்பரைச் சொன்னாள். ஒருத்தி கீழ்வீட்டு இட்லிக் கடைக்காரி நம்பரை வாங்கிக் கொடுத்தாள். ஷில்பாவின் மாமியார், "எனக்கு மெசேஜ் தொறக்கத் தெரியாதே" என்றாள்; தெரிகிற வரைக்கும் யசோதரா அந்த வீட்டை விட்டு நகரவில்லை. ஒரு புருஷன் தன் போனையே வீட்டில் வைத்துவிட்டுப் போக ஒப்புக்கொண்டான். கம்பெனி பஸ்ஸில் பொழுது போகவில்லை என்று இன்றைக்கும் புலம்புகிறான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செய்தி வந்து விழுந்து, அவர்கள் அதைத் திறந்து படித்து, திருப்பி அவளைக் கூப்பிட்ட பிறகுதான் தன் நம்பரை அழித்தாள். மூன்று வாரம் ஆயிற்று. நாகேஷின் ஏழு பேரும் அதே கையோடு அவன் நம்பரை விட்டு இறங்கினார்கள்.

லேண்ட்மார்க் கட்டத்தை மட்டும் அவள் மாற்றவில்லை. டாக்டர் ரகுராமும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. 'உடம்பு முடியாவிட்டால் எங்கே இருப்பார்' என்று தனியாக ஒரு கட்டம் வேண்டுமென்று மேலே எழுதிப் போட்டிருக்கிறார். பதில் வரவில்லை. போன மாதம் ட்ரெய்னிங் போய்வந்த ஷ்ரேயாஸ் வாசலிலேயே கத்தினான்: "சிஸ்டர், இந்தத் தடவையும் ஸ்கிரீன்ல உங்க பேர்தான்! ஆனா திட்டல."

செப்டம்பரில் கிருத்திகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ அறுநூறு. சரவணன் அவளுக்கென்று ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டான்; முதல் நம்பராக அதுதான் ஏறியிருக்கிறது. இரண்டாவது நம்பர் கட்டத்தில் இருப்பது சந்திரம்மாவுடையது. அழித்துவிடவா என்று யசோதரா கேட்டாள். "இருக்கட்டும். அது பாட்டுக்குக் கெடக்குது, உனக்கு இன்னா?" என்று சந்திரம்மா சுருக்குப் பையை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

அதனால் இப்போது செய்தி சந்திரம்மாவுக்கும் வருகிறது. நேற்றுக்கூடப் பதினோரு மணிக்குக் கீச்சென்றது. பெருக்குவதை விட்டுவிட்டுப் போனைக் கொண்டுபோய் யசோதராவிடம் நீட்டினாள். யசோதரா ஒரு கையால் தலைமேல் இருந்த டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை வாங்கிப் படித்தாள்.

"'அன்புள்ள தாயே, இன்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டீர்களா?' உன்னைத்தான்க்கா கேக்குது."

அறுபத்தாறு வயது சந்திரம்மா போனைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து, "ஆயித்துன்னு சொல்லு" என்றாள்.

யசோதரா பைக்குள் கைவிட்டு, ஒரு கடலை மிட்டாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு மறுபடியும் அசையாமல் நின்றுகொண்டாள்.

யசோதரா இப்போதும் அதே ஹெல்த் சென்டரில்தான் இருக்கிறாள். காலை ஒன்பதிலிருந்து நாலரை வரைக்கும். உள்ளே காணவில்லை என்றால் படிக்கட்டில் இரண்டாவது படி.